எச். பைலோரியும் ஆறாத வயிற்று அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் "எச். பைலோரி பாசிட்டிவ்" என்று ஒரு வரி இருக்கும். கையில் ஒரு பை நிறைய மாத்திரை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக எழும். அப்படி எழுகிற கேள்விகள் இங்கே. கூடவே, "என் மூட்டுவலிக்கும் இதயநோய்க்கும்கூடக் கிருமிதான் காரணமா?" என்ற கேள்வியும் அடிக்கடி வருவதால் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறோம். மருந்தளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. விஷயம் புரிவதற்காகச் சொல்லப்பட்டவை. உங்கள் சீட்டை எழுத வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

அல்சர் காரம் தின்பதாலும் பட்டினி கிடப்பதாலும் வருவதில்லையா?

இல்லை. ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரியவைக்கும், வெறும் வயிறு வலிக்கவைக்கும். புண்ணை உண்டாக்குபவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி (சுருக்கமாக எச். பைலோரி) என்ற பாக்டீரியா. மற்றது டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. சொல்லுங்கள்.

இரைப்பையில் அவ்வளவு அமிலம் இருக்கிறதே, அதில் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது?

அது அமிலத்தில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. இரைப்பைச் சுவரின் மேல் பிசுபிசுப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. சுருள் வடிவமும் வால்போன்ற இழைகளும் கொண்ட இந்தப் பாக்டீரியா அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அமிலம் குறைவான அடிப்பகுதியில் குடியிருக்கிறது. போகும் வழியில் அதைக் காப்பாற்றுவது யூரியேஸ் என்ற நொதி. இரைப்பைச் சாற்றில் இயல்பாக இருக்கும் யூரியாவை இந்த நொதி அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். அம்மோனியா காரத்தன்மை உடையது என்பதால் பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் அமிலம் தணிந்துவிடும். கீழே சொல்லப்போகும் இரண்டு பரிசோதனைகள் இந்த நொதியை நம்பித்தான் நடக்கின்றன, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பின் எதிர்ப்பாற்றல் ஏன் அதை விரட்டிவிடுவதில்லை?

விரட்டப் பார்க்கிறது, முடிவதில்லை. அந்த முடியாத முயற்சிதான் நாட்பட்ட அழற்சி. வெள்ளணுக்கள் இரைப்பைச் சுவருக்குள் குவிகின்றன. பாக்டீரியாவோ சுவருக்கு வெளியே, சளிக்குள் இருக்கிறது. அதன் மேலுறையும் வாலிழையின் புரதமும் நம் எதிர்ப்பு அணுக்களை அவ்வளவாக உசுப்பாத வகையில் அமைந்தவை. அது வெளியிடும் வேக்-ஏ என்ற நச்சு, வெள்ளணுக்களில் ஒரு வகையான டி-அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. சில ரகங்களிடம் கேக்-ஏ என்ற புரதமும் உண்டு. ஊசி போட்டதுபோல் அதை நம் செல்லுக்குள் செலுத்திவிடும். கேக்-ஏ உள்ள ரகங்களில் அழற்சி கடுமையாக இருக்கும், புண்ணும் புற்றுநோயும் அதிகம். உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கத்தான் செய்கிறது, ஆனால் அவற்றால் கிருமி ஒழிவதில்லை. சிகிச்சை எடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும்.

கிருமிதான் காரணம் என்று எப்படி நிரூபித்தார்கள்? அங்கே இருந்துவிட்டால் போதுமா?

போதாது. இந்தப் பக்கம் முழுக்கவே இந்தக் கேள்விதான் முதுகெலும்பு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவரான ராபின் வாரன் 1979-இல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கவனித்தார். அழற்சி எங்கே இருந்ததோ, பாக்டீரியாவும் அங்கே. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. இரண்டு நாளில் எதுவும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கிப்போடுவது அன்றைய வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் கூடுதல் நாள்கள் காப்புப்பெட்டியிலேயே கிடந்தன, பாக்டீரியா முளைத்திருந்தது. மெதுவாக வளர்கிற கிருமி, அவ்வளவுதான் ரகசியம். 1984-இல் மார்ஷல் அந்த வளர்ப்புக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, எண்டோஸ்கோப்பியில் அழற்சி. கவனியுங்கள், அவருக்கு வந்தது அழற்சிதான், அல்சர் இல்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான நிரூபணம் அதற்குப் பிறகு வந்தது: கிருமியை நீக்கினால் நோய் திரும்புகிறதா? 1993-இல் வெளியான வியன்னா ஆய்வில் முன்சிறுகுடல் புண் அடிக்கடி திரும்பிய 104 பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அமிலம் குறைக்கும் ரனிடிடின். ஒரு பாதிக்கு மட்டும் 12 நாள் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஓராண்டுக்குள் புண் திரும்பியது முதல் பிரிவில் 8 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 86 சதவீதம் பேருக்கு. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. (கிரேக்கத்தில் ஜான் லிகூடிஸ் என்ற மருத்துவர் 1958 முதலே ஆன்டிபயாடிக் கொடுத்து அல்சரைக் குணப்படுத்திவந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.)

இந்தக் கிருமி ஏராளமானவர்களுக்கு இருக்கிறது என்கிறார்களே. நோய் ஏன் சிலருக்கு மட்டும்?

உலகில் பாதிப்பேர் வரை இதைச் சுமந்திருந்த காலம் உண்டு, இப்போது குறைந்துவருகிறது. கிருமி உள்ள எல்லாருக்கும் நுண்ணோக்கியில் அழற்சி தெரியும். அல்சர் வருவது பத்துப்பேரில் ஒருவர் இருவருக்கு. இரைப்பைப் புற்றுநோய் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு.

யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது அழற்சி உட்கார்ந்த இடம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி இருந்தால் அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடும். மேலே நலமாக உள்ள பகுதி அமிலத்தை அள்ளிச் சுரக்கும். அது முன்சிறுகுடலில் போய்ப் புண்ணாக்கும். அழற்சி மேல்பகுதிக்கும் பரவினால் கதை தலைகீழ். அமிலம் சுரக்கும் செல்களே அழிந்து, உட்சுவர் மெலிந்து, சில இடங்களில் குடலின் திசுபோல் மாறிவிடும். இரைப்பைப் புண்ணும் புற்றுநோயும் வருவது இந்த வழியில். அதனால்தான் முன்சிறுகுடல் புண் வந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது.

இந்தியாவில் கிருமி மிகுதி, ஆனால் நாடு முழுமைக்கும் பார்த்தால் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. இந்தப் புதிர் முழுதாக அவிழவில்லை. நாட்டுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு: மிசோரமின் ஐஸ்வால் பகுதியில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். சென்னைப் பதிவேட்டிலும் ஆண்களிடம் இது நெடுங்காலம் முன்வரிசையில் இருந்த புற்றுநோய். கிருமியோடு புகையிலை, உப்பு, புகையில் வாட்டிய இறைச்சி போன்றவையும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

எனக்கு எங்கிருந்து தொற்றியிருக்கும்?

பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே. வாய்வழி, வாந்திவழி, மலம் கலந்த நீர்வழி என்று பாதைகள் பல. பெரியவரான பிறகு ஓட்டலில் சாப்பிட்டு வாங்கிக்கொள்வது அபூர்வம்.

யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

அல்சர் இப்போது இருப்பவர்கள், முன்பு இருந்து கிருமிக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள். மேல்வயிற்று வலியும் உப்புசமும் விடாமல் உள்ளவர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால். காரணம் புரியாத இரும்புச்சத்துக் குறைவு, ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைவு. ஆஸ்பிரினையோ வலி மாத்திரையையோ நெடுங்காலத்துக்குத் தொடங்கப்போகிறவர், அதிலும் முன்பு அல்சர் இருந்தவர். வருடக்கணக்காகப் பான்டோபிரசோல் விழுங்குகிறவர்களும்: கிருமி இருக்கும்போது அமிலத்தை மட்டும் தொடர்ந்து குறைத்தால் அழற்சி கீழ்ப்பகுதியிலிருந்து மேலே பரவக்கூடும், அது மேலே சொன்ன கெட்ட வழி.

நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் மட்டும் என்றால் இந்தக் கிருமி காரணம் இல்லை.

எடை குறைவு, ரத்த வாந்தி, தார்போன்ற மலம், விழுங்கச் சிரமம், ரத்தசோகை, விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பரிசோதனையில் நேரத்தை வீணாக்காமல் நேராக எண்டோஸ்கோப்பி.

எந்தப் பரிசோதனை நல்லது?

எண்டோஸ்கோப்பி தேவையில்லாதவருக்கு மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் மல ஆன்டிஜன் பரிசோதனை. இரண்டும் நம்பகமானவை.

மூச்சுப் பரிசோதனையில் கார்பன்-13 அல்லது கார்பன்-14 அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கவோ விழுங்கவோ தருவார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைக்கும். அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வரும். வெறும் வயிறு அவசியம், வழக்கமாக 4 முதல் 6 மணிநேரம். கார்பன்-13 முறையில் முதலில் ஒரு மூச்சு, யூரியா குடித்து ஏறத்தாழ அரைமணி கழித்து இன்னொரு மூச்சு. கார்பன்-14 கதிரியக்கம் உடையது. அளவு மிகச் சொற்பம்தான் என்றாலும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது வேண்டாம், கார்பன்-13 போதும்.

எண்டோஸ்கோப்பியில் திசு எடுத்தால் உடனடி யூரியேஸ் பரிசோதனை செய்வார்கள். மஞ்சளாக இருக்கும் ஜெல் சிவந்தால் கிருமி உண்டு. ஒரே துண்டு எடுத்து "நெகட்டிவ்" என்று முடித்துவிடுவது பொதுவான குறை. கிருமி திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். கீழ்ப்பகுதியிலிருந்தும் மேல்பகுதியிலிருந்தும் எடுக்க வேண்டும். திசு மெலிவையும் அறிய வேண்டுமானால் ஐந்து துண்டு: கீழ்ப்பகுதியில் 2, மேல்பகுதியில் 2, இரண்டும் வளையும் இடத்தில் 1.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனை மலிவு, பல ஆய்வகங்களின் "பேக்கேஜில்" சேர்ந்தே வரும். அதை வைத்துச் சிகிச்சை தொடங்குவது சரியல்ல. கிருமி ஒழிந்து மாதங்கள், வருடங்கள் ஆன பிறகும் அது பாசிட்டிவ் காட்டும்.

டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் டாக்டர் நம்பவில்லை. ஏன்?

நீங்கள் மாத்திரையை நிறுத்தாமல் போயிருப்பீர்கள். பான்டோபிரசோல், ஒமெபிரசோல், ரபிபிரசோல், இசோமெபிரசோல் வகை மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து மறைக்கும். பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத் மருந்தும் 4 வாரம் முன்பே. தொண்டைவலிக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டதும் இதில் அடக்கம்.

நிறுத்தியதும் நெஞ்சு முன்பைவிட எரியும், அடக்கிவைத்த அமிலம் பீறிட்டு வருவதால். அந்த இரண்டு வாரத்துக்கு அமிலநீக்கி ஜெல் குடிக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் வேறுவகை மாத்திரையான பமோடிடினும் எடுக்கலாம், மூச்சுப் பரிசோதனைக்கு ஓரிரு நாள் முன்பு அதையும் விட்டுவிட வேண்டும். ரத்தக்கசிவு இருந்தவர்களும், ஆஸ்பிரின் போன்றவற்றோடு பாதுகாப்புக்காகப் பான்டோபிரசோல் எடுப்பவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது.

புண்ணிலிருந்து ரத்தம் வழிகிற நேரத்தில் எடுத்த திசுவும் தவறாக நெகட்டிவ் காட்டும். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

என்ன சிகிச்சை? எத்தனை நாள்?

இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது நான்கு மருந்துக் கூட்டு, 14 நாள்:

அமிலம் குறைக்கும் மாத்திரை, நாளைக்கு 2 வேளை.
பிஸ்மத் சப்சிட்ரேட் 120 மி.கி., 4 வேளை.
டெட்ராசைக்ளின் 500 மி.கி., 4 வேளை.
மெட்ரோனிடசோல் 400 அல்லது 500 மி.கி., 3 அல்லது 4 வேளை.

கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 13, 14 மாத்திரை. முழுக் கோர்ஸுக்கு 180-க்கு மேல். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கூட்டில் பாக்டீரியா தப்புவது கடினம். மெட்ரோனிடசோலை ஆய்வகத்தில் எதிர்க்கிற ரகம்கூட, அளவும் நாளும் முழுமையாக இருந்தால் இந்தக் கூட்டுக்குப் பெரும்பாலும் பணியும். டெட்ராசைக்ளின் சில கடைகளில் கிடைக்காது. "டாக்ஸிசைக்ளின் தரட்டுமா, அதே வகைதான்" என்பார்கள். வகை ஒன்றுதான், இந்தக் கிருமிக்கு வேலை செய்வது அதேபோல் இல்லை. மருத்துவரிடம் கேட்காமல் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

முன்பு பரவலாக இருந்தது மூன்று மருந்துக் கூட்டு: அமிலம் குறைக்கும் மாத்திரை, அமாக்ஸிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி., மூன்றும் இரண்டு வேளை. ஒரே அட்டையில் கிட்டாகக் கிடைக்கும், விழுங்க எளிது. அதனாலேயே இன்னும் பல சீட்டுகளில் 7 நாளுக்கு எழுதப்படுகிறது. கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் ரகங்கள் பெருகிவிட்டதால், உங்கள் கிருமி அதற்குப் பணியும் என்று தெரியாமல் இதைக் கொடுப்பது சூதாட்டம். 7 நாள் என்பதோ எந்தக் கூட்டுக்கும் குறைவு.

அமிலத்தை இன்னும் வலுவாக அடக்கும் வோனோபிரசான் வகை மருந்தும் இப்போது வந்திருக்கிறது. அமிலம் குறைந்தால்தான் பாக்டீரியா பெருகத் தொடங்கும். பெருகும் பாக்டீரியாவைத்தான் அமாக்ஸிசிலினால் கொல்ல முடியும். அமிலமாத்திரை வெறும் துணைக்கு அல்ல என்பது இதனால்தான்.

மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது?

அமிலமாத்திரை காலையிலும் இரவிலும் உணவுக்கு அரைமணி முன்பு. மற்றவற்றைச் சீட்டில் எழுதியபடி. பெரும்பாலும் மூன்று வேளை உணவையும் படுக்கும் நேரத்தையும் ஒட்டி வரும். டெட்ராசைக்ளினைப் பாலோடும் தயிரோடும் மோரோடும் விழுங்கக் கூடாது. கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, அமிலநீக்கி ஜெல் எல்லாமே அப்படித்தான். இரண்டு மணிநேரமாவது தள்ளி எடுங்கள். இரவில் மாத்திரையைப் பால் டம்ளரோடு முடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த 14 நாளுக்குத் தண்ணீருக்கு மாறுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாகும்.

மது வேண்டாம், கோர்ஸ் முடிந்து மூன்று நாள் வரைக்கும். புகையும் வேண்டாம், குணமாகும் வாய்ப்பை அது குறைக்கிறது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம் (டெட்ராசைக்ளின் கூடாது), ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் (மெட்ரோனிடசோல் அதன் வீரியத்தைக் கூட்டும்), கொழுப்புக்கான ஸ்டாட்டின் (கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் தசை சிதையலாம்), சிறுநீரகக் கோளாறு.

மலம் கறுப்பாகப் போகிறது. ரத்தமா?

பிஸ்மத் மருந்து மலத்தையும் நாக்கையும் கறுப்பாக்கும். கெட்டியான, சாதாரண வாடையுள்ள கறுப்பு மலம் என்றால் பயம் இல்லை, மருந்து நின்றதும் போய்விடும். தார்போல் ஒட்டி, பொறுக்க முடியாத நாற்றத்தோடு, தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாயில் உலோகச் சுவை மெட்ரோனிடசோலுடையது.

நான்காம் நாளே வலி போய்விட்டது. நிறுத்தலாமா?

கூடாது. வலி போனது அமிலம் குறைந்ததால். பாதியில் விட்டால் பிழைத்த பாக்டீரியா அந்த மருந்தைத் தாங்கிய பாக்டீரியா. அடுத்த முறை அதே மருந்து எடுபடாது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுங்கள், இரண்டாகச் சேர்த்து வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தாங்க முடியாவிட்டால் நீங்களே ஒரு மாத்திரையை மட்டும் கழித்துவிட்டு மற்றதைத் தொடராதீர்கள். அதுதான் மிக மோசமான வழி. தொலைபேசியில் மருத்துவரைக் கேளுங்கள்.

கிருமி ஒழிந்துவிட்டதென்று எப்படித் தெரியும்?

பரிசோதித்தால்தான் தெரியும். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலமாத்திரையை 2 வாரம் நிறுத்திய பிறகு, மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜனோ. ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. சிகிச்சை எடுத்த எல்லாருக்கும் இது வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். நடைமுறையில் இந்தப் படியைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

திரும்பவும் பாசிட்டிவ். இனி?

முதலில் நேர்மையாக எண்ணுங்கள்: எத்தனை வேளை தவறியது? தவறவில்லை என்றால் மருந்தெதிர்ப்புதான் முதல் சந்தேகம். முன்பு எடுத்த கிளாரித்ரோமைசினையோ லெவோப்ளாக்ஸாசினையோ திரும்பக் கொடுப்பதில்லை. மூன்று மருந்தில் தோற்றவருக்குப் பிஸ்மத் நான்கு மருந்துக் கூட்டு பெரும்பாலும் கைகொடுக்கும். அமாக்ஸிசிலினை மீண்டும் பயன்படுத்தலாம், அதற்கு எதிர்ப்பு அபூர்வம். இரண்டு முறை தோற்றால் திசுவை வளர்த்தோ மரபணு முறையிலோ எந்த மருந்து எடுபடும் என்று பார்ப்பது நல்லது.

காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: மாற்றாகத் தரப்படும் லெவோப்ளாக்ஸாசினும் ரிபாபூட்டினும் காசநோய்க் கிருமியையும் தாக்கும் மருந்துகள். மறைந்திருக்கும் காசநோயைப் பாதி அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கி, மருந்தெதிர்ப்பையும் உண்டாக்கலாம். இருமலோ எடைக்குறைவோ இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

கிருமி போன பிறகும் வயிறு உப்புகிறதே?

சிலருக்கு உப்புசம் போகும், எல்லாருக்கும் இல்லை. அல்சர் இல்லாமல் வெறும் அஜீரணம் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கே கிருமி நீக்கத்தால் முழு நிம்மதி. கடுமையான அழற்சி சில வாரங்களில் அடங்கும். நாட்பட்ட அழற்சியின் அணுக்கள் விலக ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம். மெலிந்த சுவர் ஓரளவு தேறும். குடல் திசுவாக மாறிய இடம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அது பரவலாக இருந்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி சொல்வார்கள்.

புற்றுநோயைத் தடுக்குமா?

குறைக்கும், முழுக்கத் தடுக்காது. 1994-லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களிடம் கொரியாவில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சுமார் 9 ஆண்டுக் கண்காணிப்பில் சிகிச்சை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. சுவர் மெலிவதற்கு முன்பே கிருமியை நீக்கினால் பலன் கூடுதல். ஜப்பான் 2013-இல் அல்சர் இல்லாத கிருமி அழற்சிக்கும் காப்பீட்டில் சிகிச்சை தரத் தொடங்கியது இதனால்தான்.

வீட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுக்கலாமா? குழந்தைக்கு?

பரிசோதிக்காமல் யாருக்கும் வேண்டாம். ஒரே வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அறிகுறியோ குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோயோ இருந்தால் பரிசோதிக்கலாம். தொப்புளைச் சுற்றி அவ்வப்போது வலி என்று சொல்கிற குழந்தைக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. பாசிட்டிவ் வந்தாலும் அந்த வலிக்கு அது காரணமாக இருப்பது குறைவு.

பூண்டு, தேன், தயிர், மணத்தக்காளிக் கீரை?

சாப்பிடுங்கள், நல்லது. கிருமி போகாது.

வயிற்றுக்கு வெளியே இந்தக் கிருமி என்ன செய்யும்?

உறுதியான தொடர்பு மிகச் சிலவற்றோடுதான். இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, காரணமறியாத தட்டணுக் குறைவு. கடைசியாகச் சொன்னதில் கிருமியை நீக்கினாலே சிலருக்குத் தட்டணு ஏறும். வியப்பானது இரைப்பையில் வரும் நிணநீர்த் திசுப் புற்றுநோயான மால்ட் லிம்போமா. ஆரம்ப நிலையில் இருக்கும்போது கிருமியை ஒழித்தால் பெரும்பான்மையோருக்கு அந்தப் புற்றுநோயே கரைந்துவிடுகிறது. அழற்சி ஊட்டிக்கொண்டிருந்தவரைதான் அது வளர்ந்தது.

அப்படியானால் இதயநோய், குடல் அழற்சி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் மறைந்திருக்கும் பாக்டீரியாதானா?

இதே எண்ணம்தான் 1990-களில் மருத்துவ உலகத்துக்கும் வந்தது. அல்சரில் பலித்தது மற்றதிலும் பலிக்கும் என்று தேடினார்கள். பல இடங்களில் கிருமி கிடைக்கவும் செய்தது. நீக்கிப் பார்த்தபோதுதான் தோற்றது.

இதய ரத்தக்குழாய் அடைப்பில் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியா காணப்பட்டது. 4,012 இதயநோயாளிகளிடம் ஓராண்டு, வாரம் 600 மி.கி. அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவு: மாரடைப்பிலும் மரணத்திலும் வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் 4,373 பேரிடம் இரண்டு வாரக் கிளாரித்ரோமைசின் ஆய்வு நடந்தது. அதில் மருந்து பெற்றவர்களிடம்தான் இதய மரணம் கூடுதலாக இருந்தது.

நாட்பட்ட குடல் அழற்சியான குரோன்ஸ் நோய்க்கு மாட்டினத்தில் குடலைத் தாக்கும் பாராடியூபர்குளோசிஸ் கிருமி காரணமா என்று ஆஸ்திரேலியாவில் 213 பேரிடம் இரண்டு ஆண்டு மூன்று ஆன்டிபயாடிக். முதல் 16 வாரத்தில் மருந்துப் பிரிவில் கூடுதலானோர் தேறினார்கள். பிறகு அந்த நன்மை நிலைக்கவில்லை. ஆன்டிபயாடிக் குடலின் பொதுப் பாக்டீரியாக்களைக் குறைத்ததாலேயே ஆரம்ப ஆறுதல் கிடைத்திருக்கலாம். "மருந்து எடுத்தேன், நன்றாக இருந்தது" என்பது ஏன் நிரூபணமாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

முதுகுத்தண்டு எலும்பில் வீக்கம் தெரியும் நாட்பட்ட முதுகுவலிக்கு 100 நாள் அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் பலன் தருவதாக 2013-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது, உலகமே பரபரத்தது. 2019-இல் நார்வேயில் 180 பேரிடம் மூன்று மாதம் அமாக்ஸிசிலின் கொடுத்துச் சரிபார்த்தபோது நோயாளி உணரக்கூடிய அளவு பயன் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. விப்பிள் நோய் என்று ஒன்று: வருடக்கணக்காக மூட்டுவலி, பிறகு வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு. ட்ரோபெரிமா விப்பிளியே என்ற பாக்டீரியா குடற்சுவரில் குடியிருப்பதே காரணம். இரண்டு வாரம் ஊசி, பின் ஓராண்டு மாத்திரை கொடுத்தால் சாகக்கிடந்தவர் எழுவார். மிக அபூர்வமான நோய், ஆனால் நீக்கினால் நிற்கிறது.

ஈறு நோய்க்கும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்பதற்கு வலுவான தடயங்கள் இருக்கின்றன. ஈறுக் கிருமியான போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் நம் புரதங்களைச் சற்றே திரித்துவிடும் ஒரு நொதி கொண்டது. முடக்குவாதத்தில் உடம்பு தாக்குவதும் அதேவகையில் திரிந்த புரதங்களைத்தான். ஆனால் ஈறைச் சுத்தம் செய்தால் முடக்குவாதம் நின்றுவிடும் என்று யாரும் காட்டவில்லை. சர்க்கரை நோயில் பலன் தெளிவு: ஈறின் அடிவரை சுத்தம் செய்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி ஏறத்தாழ 0.3, 0.4 புள்ளி இறங்குகிறது. இதற்கு வேண்டியது பல் மருத்துவரின் கருவி, ஆன்டிபயாடிக் அல்ல.

ருமாட்டிக் காய்ச்சலுக்கு வருடக்கணக்காகப் பென்சிலின் ஊசி போடுகிறார்களே, அது தங்கிய கிருமிக்குத்தானே?

இல்லை. தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எப்போதோ போய்விட்டது. அதன் சாயல் உள்ள இதயத் திசுவை உடம்பே தாக்குகிறது. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் 12 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின், அடுத்த தொண்டைத் தொற்று வராமல் இருக்க. ஒவ்வொரு புதுத் தொற்றும் வால்வை இன்னும் கெடுக்கும். வலிக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டால் கெடுவது அந்த வால்வுதான்.

என் நாட்பட்ட நோய்க்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் தருகிறேன் என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்ளலாமா?

எந்தக் கிருமி, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது பதிலாகாது, அது பழைய சந்திப்பின் தடம். அந்தக் கிருமியை நீக்கினால் உங்கள் நோய் நிற்கும் என்று வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு உண்டா என்று கேளுங்கள். எப்போது நிறுத்துவது, நீங்கியதை எந்தப் பரிசோதனையால் உறுதிசெய்வது என்பதையும் எழுதி வாங்குங்கள். விலை சும்மா இல்லை: குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிபிசில் என்ற பாக்டீரியா பெருகி உயிருக்கு ஆபத்தான பேதி, லெவோப்ளாக்ஸாசின் வகையில் குதிகால் நாண் அறுதல், அசித்ரோமைசின் வகையில் இதயத்துடிப்புத் தடுமாற்றம், நீண்டநாள் செப்ட்ரியாக்சோனில் பித்தப்பைக் கசடு.